பட்டறைக்கு ஏற்ற தொடுதிரை எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெஷின்களில் பொருத்தும் எச்எம்ஐ தொடுதிரைகளை, அதாவது மெஷினுக்குக் கட்டளை கொடுக்கவும் அதன் நிலையைப் பார்க்கவும் உதவும் திரைகளைப் பற்றியவை. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஏழாக்கி இங்கே பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் சாயப்பட்டறையில் சாஃப்ட்ஃப்ளோ மெஷின்களில் உள்ள 7 அங்குலத் திரைகள் ஒரு வருடத்துக்குள் உப்பிக்கொண்டு, வெளுத்துப் போகின்றன. சில இடங்களில் தொட்டால் வேலையே செய்வதில்லை. கைபேசியில் இருப்பது போன்ற கண்ணாடித் திரைக்கு மாறினால் தீருமா?
*பராமரிப்புப் பொறுப்பாளர், திருப்பூர்*

வெளுப்பதும் உப்புவதும் தீரும். அதைவிட மோசமான இன்னொரு தொல்லை வர வாய்ப்பு இருக்கிறது.

உங்களிடம் இருப்பது ரெசிஸ்டிவ் வகை. கீழே கண்ணாடி, மேலே பாலியஸ்டர் படலம். இரண்டின் உள்முகத்திலும் மின்சாரம் கடத்தும் மெல்லிய பூச்சு உண்டு. நடுவில் இருக்கும் நுண்ணிய புள்ளிகள் இரண்டும் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. அழுத்தும்போது படலம் வளைந்து கண்ணாடியில் முட்டும். முட்டிய இடத்தின் வோல்டேஜை வைத்து எங்கே தொட்டோம் என்று திரை கண்டுபிடிக்கிறது.

பாலியஸ்டர் துணியைக் காஸ்டிக்கில் ஓட்டி எடை குறைப்பது உங்கள் தொழிலில் தெரிந்த வேலை. திரையின் மேல் படலமும் அதே பாலியஸ்டர்தான். தெறிக்கும் காஸ்டிக் துளி சூடாக இல்லாததால் ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் துளியில் உள்ள தண்ணீர் காயக் காய மிச்சம் கெட்டியாகிறது. சட்டத்துக்கும் படலத்துக்கும் நடுவே ஒதுங்கி வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. உங்கள் திரைகளைப் பாருங்கள்: வெளுப்பு கீழ் ஓரத்திலும் கீழ் மூலைகளிலும்தான் முதலில் தொடங்கியிருக்கும். உப்பல் வேறு காரணத்தால் வருவது. சூட்டில் படலம் கண்ணாடியைவிட அதிகமாக விரியும். பாலியஸ்டர் வழியே நீராவியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். தொட்டால் வேலை செய்யாத இடங்கள் பெரும்பாலும் ஸ்டார்ட், ஸ்டாப், அலாரம் ரீசெட் பட்டன்கள் இருக்கும் இடமாக இருக்கும். அங்கே நகத்தாலும் பேனா முனையாலும் குத்திக் குத்திப் பூச்சு விரிசல் விட்டிருக்கும்.

கைபேசி வகைக்குப் பெயர் புரொஜெக்டட் கெபாசிடிவ், சுருக்கமாக பி-கேப். கண்ணாடிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக மின்வலை இருக்கும். விரல் கிட்டே வந்தால் அந்த இடத்தில் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) குறையும். மேலே தேயக்கூடியது எதுவும் இல்லை என்பது இதன் பெரிய பலம். பிரச்சினை தண்ணீரில் இருக்கிறது. தனியாக நிற்கும் சுத்தமான நீர்த்துளியை நல்ல கன்ட்ரோலர் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும். உங்கள் பட்டறைத் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. சாயத்துக்குப் போடும் கிளாபர் சால்ட் என்ற உப்பு, சோடா, காஸ்டிக் கலந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அது வழிந்து எர்த் ஆன ஸ்டீல் சட்டத்தைத் தொட்டதும், கன்ட்ரோலர் அதை விரல் என்றே எடுத்துக்கொள்ளும். யாரும் தொடாமல் டிரெயின் வால்வு திறந்தால் ஒரு பேட்ச் துணி போய்விடும்.

எங்கள் சிபாரிசு, ரெசிஸ்டிவிலேயே மேல் படலத்தின் மீது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள மெல்லிய கண்ணாடி ஒட்டி வரும் கவச வகை. அழுத்தினால்தான் வேலை செய்யும் என்பதால் தண்ணீருக்கு ஏமாறாது. பாலியஸ்டர் வெளியே தெரியாததால் காஸ்டிக்கும் எட்டாது. விலை அதிகம், எல்லா எச்எம்ஐ மாடலுக்கும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் இப்போதுள்ள திரையின் மேல், மாற்றக்கூடிய பாதுகாப்புப் படலம் ஒட்டுங்கள். படலத்தைச் சட்டத்தின் உள்விளிம்பு வரை ஓடவிட்டு, 3 மாதத்துக்கு ஒருமுறை உரித்து மாற்றுங்கள். அடிக்கடி அமுக்கும் 4 கட்டளைகளுக்கு 22 மில்லிமீட்டர் புஷ் பட்டன் வையுங்கள். திரையின் ஆயுள் அதிலேயே பெரிய அளவு கூடும்.

ஃபவுண்ட்ரியில் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் அருகே திரை வைக்க வேண்டும். ஆட்கள் தோல் கையுறையைக் கழற்ற மாட்டார்கள். "கிளவ் மோட் உள்ள பி-கேப் வாங்குங்கள்" என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?
*எலக்ட்ரிக்கல் மேற்பார்வையாளர், கோயம்புத்தூர்*

வேண்டாம். 5 ஒயர் ரெசிஸ்டிவ் வாங்குங்கள்.

கிளவ் மோட் என்பது உணர்திறனைக் கூட்டி வைப்பது. மெல்லிய நைட்ரைல் கையுறைக்கு அது நன்றாகவே போதும், பருத்திக் கையுறைக்கும் பல சமயம் போதும். ஃபர்னஸ் ஆள் போடும் தடித்த தோலுக்குப் போதாது. போதும் அளவுக்கு ஏற்றினால் இன்னொரு பக்கம் உதைக்கும். பி-கேப் அளப்பது ஒரு பிக்கோஃபாராடுக்கும் குறைவான மாற்றத்தை. மின்சாரத்தை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் ஃபர்னஸின் தைரிஸ்டர் அல்லது ஐஜிபிடி பேனல் கிளப்பும் நாய்ஸ் (மின் இரைச்சல்), திரைக்கு மின்சாரம் தரும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் வழியாகவும் எர்த் ஒயர் வழியாகவும் திரைக்கு வந்து சேரும். உணர்திறன் கூடக் கூட, அந்த நாய்ஸும் தொடுதலாகத் தெரியத் தொடங்கும்.

ரெசிஸ்டிவில் 4 ஒயரா 5 ஒயரா என்பது முக்கியம். 4 ஒயரில் மேல் படலமும் அளவீட்டில் பங்கெடுக்கிறது. அதில் விரிசல் விழுந்தால் தொடும் இடம் விலகும். 5 ஒயரில் அளவீடு முழுவதும் கீழ்க் கண்ணாடியில் நடக்கிறது. மேல் படலம் வெறும் தொடுமுனை மட்டுமே, கொஞ்சம் சிதைந்தாலும் குறி தவறாது. ஒரே இடத்தில் 4 ஒயர் சுமார் 10 லட்சம் தொடுதல் தாங்கும் என்றும், 5 ஒயர் 3 கோடிக்கு மேல் தாங்கும் என்றும் தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். விரலால் தொடும் சோதனைக்கு உண்டான கணக்கு அது. கையுறையில் ஒட்டிய மணலோடு அமுக்கும்போது இரண்டுமே குறையும், ஆனால் வித்தியாசம் அப்படியே நிற்கும்.

இனி மணல். ஃபவுண்ட்ரி மணல் சிலிகா. மோஸ் கடினத்தன்மை 7. கண்ணாடி 6க்குள்தான். காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்தாலே கண்ணாடியில்கூடக் கீறல் விழும் என்றால் படலம் எம்மாத்திரம். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு ஈரத்துணியால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். சட்டம் மேடாக இருக்கும் மாடலில் மணல் ஓரத்து இடுக்கில் இறுகி, படலத்தை அமுக்கியபடியே இருக்கும். திரை ஓரத்தை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாக எண்ணி, நீங்கள் நடுவில் தொட்டால் இரண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். முன்பக்கம் முழுவதும் ஒரே மட்டமாக உள்ள மாடலைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

எச்எம்ஐக்குத் தனி எஸ்எம்பிஎஸ் கொடுங்கள். கம்யூனிகேஷன் கேபிளை பவர் கேபிளோடு ஒரே டிரேயில் ஓட்டாதீர்கள். குறைந்தது 20 செ.மீ தள்ளி, குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். பெட்டியின் கதவையும் உடலையும் பின்னல் செம்புப் பட்டையால் எர்த் செய்யுங்கள், கீலை நம்ப வேண்டாம். உருகிய உலோகம் நேராகத் தெரியும் இடத்தில் திரையை வைக்காதீர்கள். காற்று 45 டிகிரியாக இருந்தாலும் கதிர்வீச்சுச் சூடு திரையின் முகத்தை அதற்கு மேலே கொண்டுபோய்விடும். பெரும்பாலான எச்எம்ஐகளுக்கு 50 டிகிரிதான் எல்லை.

இறால் பதப்படுத்தும் ஆலை எங்களுடையது. ஐபி65 என்று எழுதியிருந்த திரைதான் வாங்கினோம். 6 மாதத்தில் உள்ளே தண்ணீர். ஏமாற்றப்பட்டோமா?
*உற்பத்தி மேலாளர், தூத்துக்குடி*

ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் தகுதியைச் சொல்லும் எண். ஐபி65 சொல்லும் வாக்குறுதி சிறியது. 6.3 மில்லிமீட்டர் நாசில், நிமிடத்துக்கு 12.5 லிட்டர் தண்ணீர், இரண்டரை முதல் 3 மீட்டர் தூரம்: இந்தப் பீச்சலைத் தாங்கும், அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்ததும் உங்கள் ஆட்கள் பிரஷர் வாஷரை அரை மீட்டரில் பிடித்து அடிப்பார்கள். அதற்கு உரிய தகுதி ஐபி69கே: 80 டிகிரி சூட்டுத் தண்ணீர், 80 முதல் 100 பார் அழுத்தம், 10 முதல் 15 செ.மீ தூரம், 4 கோணங்களில் ஒவ்வொன்றும் 30 வினாடி. இன்னொன்று, பெட்டிக் கதவில் பொருத்தும் எச்எம்ஐகளில் அந்த 65 முன்முகத்துக்கு மட்டும். பின்பக்கம் பெரும்பாலும் ஐபி20தான், தண்ணீருக்குத் தடுப்பே இல்லை.

ஆனால் உங்கள் திரைக்குள் தண்ணீர் போனதற்குப் பீச்சல் மட்டும் காரணமாக இருக்காது. நாள் முழுக்க ஓடிய பெட்டிக்குள் காற்று 45 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் அடித்ததும் 20 டிகிரிக்கு இறங்குகிறது. மூடிய பெட்டியில் அழுத்தம் சுமார் 80 மில்லிபார் குறையும். 80 செ.மீ உயர நீரை இழுக்கப் போதுமான உறிஞ்சல் அது. திரையைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பான கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அங்கே நிற்கும் தண்ணீரைப் பெட்டி உள்ளே குடித்துவிடும். தினமும் சில சொட்டுகள், 6 மாதம். பெட்டியின் அடிப்பக்கம் காற்று போகும், நீர் போகாத மெம்பிரேன் வென்ட் ஒன்று பொருத்தினால் இந்த உறிஞ்சல் நிற்கும். சின்னப் பொருள், ஐபி தகுதிக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேஸ்கெட்டையும் பாருங்கள். மெல்லிய தகட்டுக் கதவில் திரைக்கான திறப்பு வெட்டினால் தகடு நெளியும். கிளாம்ப் இல்லாத நடுப்பகுதியில் கேஸ்கெட் இறுகாது. கிளாம்ப்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு மட்டும் முடுக்க வேண்டும். திரையை ஒருமுறை கழற்றினால் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக் கூடாது.

மாற்றும்போது எந்த வகை? உப்புத் தண்ணீருக்குத் திருப்பூர் பதிலில் சொன்னது அப்படியே பொருந்தும், எனவே மேல்முகம் படலமாக உள்ள ரெசிஸ்டிவ்தான் பாதுகாப்பு. உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: உணவுத் தளத்தில் கண்ணாடிச் சில்லு விழக் கூடாது. பி-கேப்தான் வேண்டும் என்றால் சிதறல் தடுப்புப் படலம் ஒட்டியதாக இருக்கட்டும், சட்டம் 316 ஸ்டீலாக இருக்கட்டும். குளோரின் தண்ணீரும் உப்பும் படும் இடத்தில் 304 புள்ளிப் புள்ளியாக அரிக்கும்.

சர்வீஸ் வேலை செய்கிறேன். ஒரு பிரஸ் மெஷினில் 4 ஒயர் டச், காலிபிரேஷன் செய்த மறுவாரமே விலகிவிடுகிறது. டச் பேட் போய்விட்டதா, போர்டு போய்விட்டதா என்று கழற்றாமல் சொல்ல முடியுமா?
*சர்வீஸ் டெக்னீஷியன், ஓசூர்*

டச்சின் ரிப்பன் கேபிளை மட்டும் கழற்றினால் போதும். பவரை நிறுத்திவிட்டு, ரிப்பனின் 4 முனைகளையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மொத்தம் 6 ஜோடி. இரண்டு ஜோடிகள் மட்டும் சில நூறு ஓம் காட்ட வேண்டும். அவைதான் எக்ஸ், ஒய். மற்ற 4 ஜோடிகளும் தொடாதபோது ஓப்பனாக இருக்க வேண்டும். எக்ஸ் அல்லது ஒய் ஜோடி பல கிலோ ஓம் காட்டினாலோ, ரிப்பனை அசைக்கும்போது எண் குதித்தாலோ, பூச்சோ ஓரத்து வெள்ளித் தடமோ விரிசல் விட்டிருக்கிறது. ஓப்பனாக இருக்க வேண்டிய ஜோடி யாரும் தொடாமலே ரீடிங் காட்டினால் இரண்டு அடுக்கும் எங்கோ ஒட்டுகின்றன: ஈரம், அல்லது ஓரத்து அமுக்கம்.

இதில் எல்லாம் சரியாக இருந்தால் ஒரு படி மேலே போங்கள். எக்ஸ் ஜோடிக்கு 5 வோல்ட் கொடுத்து, ஒய் முனை ஒன்றில் வோல்ட் மீட்டர் வைத்து, விரலை இடமிருந்து வலமாக மெதுவாக இழுங்கள். எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். ஓரிடத்தில் குதித்தால் அதுதான் விரிசல். விரலை எடுத்ததும் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஒய்க்கும் இதே போல மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். இரண்டும் சீராக இருந்தால் சந்தேகத்தைப் போர்டின் பக்கம் திருப்பலாம்.

பிரஸ் மெஷின் என்பதால் முதலில் பார்க்க வேண்டியது கிளாம்ப். அதிர்வில் தளர்கிறது என்று யாராவது கூடுதலாக முடுக்கியிருப்பார்கள். சட்டம் வளைந்து படலத்தின் ஓரத்தை அமுக்கும். கிளாம்ப்களைத் தளர்த்தியதும் குறி சரியானால் டச் பேடை மாற்ற வேண்டியதில்லை. சரியான டார்க்கில் முடுக்கி, திருகு தளராமல் பிடிக்கும் பசை போடுங்கள். மாற்ற நேர்ந்தால் வெளி அளவு, செயல்படும் பரப்பு, ரிப்பன் வெளியேறும் பக்கம், முனைகளின் வரிசை நான்கும் பொருந்த வேண்டும். வரிசை ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

கிரஷர் எடைமேடையில் லாரி ஓட்டுநர்களே பயன்படுத்த வெளியில் திரை வைக்கிறோம். மதியம் எதுவும் தெரிவதில்லை, சில நாள் திரை கறுத்தே போகிறது.
*குவாரி நிர்வாகி, கரூர்*

தெரியாததும் கறுப்பதும் இரண்டு தனிக் கோளாறுகள். உள்ளறைத் திரைகள் 250 முதல் 400 நிட்ஸ் வெளிச்சம் தரும். வெயிலில் படிக்கக் குறைந்தது 1000 நிட்ஸ் வேண்டும். அதோடு கண்ணாடிக்கும் எல்சிடிக்கும் நடுவில் காற்று இடைவெளி இல்லாமல் ஒளி ஊடுருவும் பசை நிரப்பிய மாடலாகக் கேளுங்கள். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு முகமும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. நடு இடைவெளி போனால் அந்த முகங்களும் போகும், மழைக்காலத்தில் உள்ளே பனிப்பதும் நிற்கும்.

கறுப்பது சூட்டால். ஓர் அளவுக்கு மேல் சூடானால் எல்சிடியின் திரவப் படிகம் தன் அடுக்கை இழந்து சாதாரண திரவம் போலாகிவிடும். ஆறியதும் திரும்ப வரும். அடிக்கடி நடந்தால் ஒளியை வடிகட்டும் போலரைசர் படலமும் கெடும். கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்திருந்தால் வடக்கு பார்த்துத் திருப்புங்கள். மேலேயும் இரு பக்கமும் 30 செ.மீ நீட்டி வெள்ளைத் தகட்டுக் கூடு போடுங்கள். 1000 நிட்ஸ் திரை தானும் சூடாகும் என்பதால், கூடு போடாமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் கறுப்பது அதிகமாகும்.

இங்கே பி-கேப்தான் சரி. வெறுங்கை, நல்ல தண்ணீர் மழை, கண்ணாடியை மஞ்சளாக்க வெயிலால் முடியாது. சாவியால் தட்டுவார்கள், அதனால் தாக்குத் தகுதி ஐகே08 இருக்கட்டும்: 5 ஜூல், அதாவது 1.7 கிலோ எடை 30 செ.மீ உயரத்திலிருந்து விழுவது. ஆனாலும் ஒன்று யோசியுங்கள். ஓட்டுநர் செய்வது "எடை போடு", "ரசீது கொடு" என்ற இரண்டு வேலை மட்டும் என்றால், பார்க்க மட்டும் ஒரு திரை, அமுக்க இரண்டு உலோக பட்டன். தொடுதலே வேண்டாம்.

பெயிண்ட் கலவை அறைக்குள் தின்னர் வாசம் எப்போதும் இருக்கும். அங்கே டேப்லெட் மாட்டலாமா? எமர்ஜென்சி ஸ்டாப்பையும் திரையிலேயே வைத்தால் ஒயரிங் மிச்சமாகுமே?
*ஆலைப் பொறியாளர், இராணிப்பேட்டை*

இரண்டும் கூடாது. தின்னர் ஆவி வழக்கமாக இருக்கும் இடம் அபாய மண்டலம். பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அங்கீகாரம் பெற்ற, அந்த மண்டலத்துக்குச் சான்றளிக்கப்பட்ட கருவி மட்டுமே உள்ளே போகலாம். ஐபி67 என்பது தண்ணீருக்கான சான்று, தீப்பொறிக்கானது அல்ல. மலிவான நல்ல வழி, சாதாரணத் திரையை ஆவி வராத பக்கத்து அறையில் வைத்து, மூடிய கண்ணாடி சன்னல் வழியாகக் கலவையைப் பார்ப்பது.

எமர்ஜென்சி ஸ்டாப் எந்தத் தொடுதிரையிலும் இருக்கக் கூடாது. சாஃப்ட்வேர் நின்றுபோனாலும், திரை இருண்டாலும், கை நனைந்திருந்தாலும் மெஷின் நின்றாக வேண்டும். ஐஎஸ்ஓ 13850, ஐஇசி 60204-1 இரண்டு தரநிலைகளும் கேட்பது மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பட்டன் போன்ற தனிக் கருவியை. அது மெஷினை நிறுத்தும் சேஃப்டி ரிலேக்கு நேராக ஒயர் ஆக வேண்டும். அந்த ஒயரிங் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கடையில் பார்க்கும்போது எல்லாத் திரையும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது? பிறகு எதைக் கொண்டு துடைப்பது?
*சிறுதொழில் முனைவோர், அம்பத்தூர்*

உங்கள் பட்டறையின் பழைய கையுறையையும், ஒரு ஸ்பிரே பாட்டிலில் உங்கள் பட்டறைத் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள். சிஎன்சி என்றால் கூலன்ட், உணவு ஆலை என்றால் உப்புத் தண்ணீர். திரையில் நன்றாகத் தெளித்து, சட்டம் வரை வழியவிட்டு, தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். எதுவும் அமுங்கக் கூடாது. பிறகு அழுக்கான ஈரக் கையுறையோடு நான்கு மூலைகளிலும் தொடுங்கள். நடுவில் மட்டும் தொட்டுக் காட்டுவதை ஏற்காதீர்கள். ஒரு திரையை வாங்கி, டிரைவும் மோட்டாரும் ஓடும்போது ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகே மீதி ஆர்டர். எண்ணெய் படும் இடத்துக்கு கேஸ்கெட் எந்த ரப்பர் என்று எழுத்தில் கேளுங்கள்: ஈபிடிஎம் மினரல் ஆயிலில் உப்பிவிடும், நைட்ரைல் தாங்கும். சட்டம் மேடான இன்ஃப்ராரெட் திரையும், கண்ணாடி மேல் ஒலியலை ஓடும் வகையும் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். முன்னதைத் தூசியும் ஈயும் ஏமாற்றும், பின்னதன் அலையைக் கிரீஸும் நீர்த்துளியும் விழுங்கிவிடும்.

துடைக்க, தண்ணீரில் கொஞ்சம் மிதமான சோப்புக் கரைசல் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால். அசிட்டோனும் தின்னரும் படலத்தின் கீறல் தடுப்புப் பூச்சைக் கெடுக்கும். திரவத்தைத் துணியில் தெளிக்க வேண்டும், திரையில் அல்ல. எச்எம்ஐ புரோகிராம் எழுதுபவரிடம் ஒரு சுத்தம் செய்யும் பக்கத்தைக் கேளுங்கள்: அமுக்கினால் 30 வினாடி எந்தத் தொடுதலும் ஏறாது, மீதி நேரம் பெரிய எழுத்தில் ஓடும். கையுறைக்கான பட்டன்கள் 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஸ்டார்ட்டும் டிரெயினும் அடுத்தடுத்து வராமல் இருக்கும்படியும் அதே வேளையில் சொல்லிவிடுங்கள்.